முதல் மைனர் கார்ட்: இ மைனரா, ஏ மைனரா, டி மைனரா?

அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு கிட்டார் வாங்கினாள். மூன்றாவது வாரம் ஃபோன் வந்தது.

"மாமா, சி, ஜி ரெண்டும் ஓரளவு வந்துடுச்சு. மைனர்ல எதை முதல்ல எடுக்கட்டும்? கிளாஸ்ல டி மைனர் குடுத்திருக்காங்க. என் ஃப்ரெண்டு இ மைனர்தான் ஈஸிங்கிறா. யூடியூப்ல பார்த்தா ஏ மைனர்ங்கிறாங்க."

"கையில கிட்டார் இருக்கா?"

"இருக்கு மாமா."

"இடது கையை எடுத்துடு. எதையும் அழுத்தாதே. கடைசி மூணு மெல்லிசு கம்பியை மட்டும் மெதுவா ஒரு தடவு தடவு."

தடவினாள்.

"அதுதான் இ மைனர். கத்துக்கிட்டாச்சு."

நம்ப முடியாமல் இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். நான் விளையாடவில்லை. கிட்டாரை வழக்கமான முறையில் ட்யூன் செய்தால், தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை இ, ஏ, டி, ஜி, பி, இ என்று வரும். கடைசி மூன்றும் ஜி, பி, இ. கார்ட் என்றால் சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது. இ மைனர் கார்டுக்கு வேண்டிய ஸ்வரங்களும் அதே மூன்றுதான். ஒரு விரல்கூட வைக்காமல் கிட்டார் தானாகவே ஒரு மைனர் கார்டைத் தந்துவிடுகிறது. ஆக, எது சுலபம் என்று பார்த்தால் போட்டியே கிடையாது. நான் போடுவது வேறு கணக்கு: எதில் தொடங்கினால் கை அடுத்த கார்டுக்குத் தடுமாறாமல் போகும்? அந்தக் கணக்கில் என் ஓட்டு ஏ மைனருக்கு. ஏன் என்று சொல்ல, மூன்றையும் கொஞ்சம் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காந்தாரம் எந்தக் கம்பியில்?

பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு மைனரை விளக்குவது சுலபம். ச, சாதாரண காந்தாரம் (ச ரி க ம-வில் வரும் க-வின் ஒரு வகை), ப, இந்த மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மைனர். காந்தாரத்தை மட்டும் அந்தர காந்தாரமாக மாற்றினால் மேஜர். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியும் அதை ஒட்டிய கட்டமும்தான் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் தள்ளினால் ஒரு ஸ்வரஸ்தானம். ச இருக்கும் இடத்திலிருந்து 3 ஃப்ரெட் தள்ளி சாதாரண காந்தாரம், 4 ஃப்ரெட் தள்ளி அந்தர காந்தாரம், 7 ஃப்ரெட் தள்ளிப் ப. மேஜருக்கும் மைனருக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ஃப்ரெட். மைனர் என்றாலே சோகம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. ஆட்டம் போட வைக்கும் பாட்டுகளிலும் மைனர் ஏராளமாக வருகிறது, அதனால் அந்தப் பேச்சை இங்கே விட்டுவிடுவோம்.

இப்போது ஒரு வேடிக்கை. ஆறு கம்பியிலும் இ மைனர் பிடித்தால் ஒலிக்கும் ஸ்வரங்கள் வரிசையாக இ, பி, இ, ஜி, பி, இ. எண்ணிப் பாருங்கள். இ மூன்று, பி இரண்டு, ஜி ஒன்றே ஒன்று. ஏ மைனரில் ஏ, இ, ஏ, சி, இ. அதில் சி ஒன்று. டி மைனரில் டி, ஏ, டி, எஃப். அதில் எஃப் ஒன்று. மைனரை மைனராக்குகிற அந்தக் காந்தாரம் மூன்று கார்டிலும் ஒரே ஒரு கம்பியில்தான் இருக்கிறது. அந்தக் கம்பி செத்துப்போனால் மிச்சம் ச-வும் ப-வும் மட்டும். தம்புரா மீட்டியது மாதிரி இருக்கும், கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. புதிதாகக் கற்பவர்கள் பலர் "கார்ட் வந்துடுச்சு, ஆனா பாட்டோட ஒட்ட மாட்டேங்குது" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஐந்து கம்பி நன்றாக ஒலிப்பதால் குறை காதில் படுவதில்லை.

அந்த ஒற்றைக் கம்பி எங்கே இருக்கிறது என்பதில்தான் மூன்று கார்டுகளும் பிரிகின்றன. கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவது வழக்கம். இ மைனரில் அது மூன்றாவது கம்பி, திறந்த கம்பி. யாரும் அழுத்த வேண்டாம், பக்கத்து விரல் அதன்மேல் சாயாமல் இருந்தால் போதும். ஏ மைனரில் அது இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட். டி மைனரில் முதல் கம்பியின் முதல் ஃப்ரெட். இந்த இரண்டிலும் ஆள்காட்டி விரல் அழுத்தினால்தான் காந்தாரம் உண்டு.

இ மைனர்: தொல்லை இல்லாத கார்ட், அதுதான் தொல்லை

தடித்த கம்பியிலிருந்து எழுதினால் 0 2 2 0 0 0 (எண் என்பது அழுத்த வேண்டிய ஃப்ரெட், 0 திறந்த கம்பி, பின்னால் வரும் × அடிக்கக் கூடாத கம்பி). ஐந்தாவது, நான்காவது கம்பிகளை இரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆறு கம்பியையும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம், எந்தக் கம்பியையும் தவிர்க்க வேண்டியதில்லை. கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான 82 ஹெர்ட்ஸ் இ அடியில் உறுமும். முதல் நாளே கிட்டார் கிட்டாராக ஒலிக்கும். அந்தச் சந்தோஷத்தைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன். முதல் வாரத்திலேயே கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றி வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

விரல் எது என்பதில் இரண்டு கட்சி. நடுவிரலும் மோதிர விரலும் என்பது ஒன்று, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் என்பது இன்னொன்று. இரண்டும் சரி. அடுத்து எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆள்காட்டியும் நடுவிரலும் வைத்திருந்தால், ஜி மேஜருக்குப் போகும்போது ஐந்தாவது கம்பியில் இருக்கும் ஆள்காட்டி அங்கேயே இருக்கும். சி மேஜருக்குப் போகும்போது நான்காவது கம்பியில் இருக்கும் நடுவிரல் அங்கேயே இருக்கும். நடுவிரலும் மோதிர விரலும் வைத்திருந்தால் இ மேஜருக்கு ஆள்காட்டியை மூன்றாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வைத்தால் முடிந்தது, ஏ மைனருக்குப் போவதும் வசதி. ஆசிரியர் ஒன்றைச் சொல்லி, வீடியோ இன்னொன்றைச் சொன்னால் குழம்ப வேண்டாம். இரண்டு பேரும் வேறு வேறு ஊருக்குப் பஸ் பிடிக்கிறார்கள்.

என் புகார் என்னவென்றால், இந்தக் கார்ட் கைக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. நான் கிட்டார் தொட்டது கல்லூரி விடுதியில். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, பக்கத்து அறை நண்பன் காட்டியது இ மைனர் மட்டும். அதை அடித்துக்கொண்டு, இடையிடையே ஆறாவது கம்பியில் ஏதாவது தட்டிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று மாதம் அதிலேயே குடியிருந்தேன். ஆள்காட்டி விரல் அந்த மூன்று மாதமும் காற்றில் நின்றது. விரல் நுனியை நிமிர்த்தி வைக்க வேண்டும், பக்கத்துக் கம்பியில் உரசக் கூடாது என்பதெல்லாம் தெரியாமலே காலம் ஓடியது. அப்புறம் சி மேஜர் பிடிக்கப் போனபோது இரண்டாவது கம்பி "டப்" என்றது. மூன்று மாதம் வாசித்தவன் முதல் நாள் பையனாகிவிட்டேன்.

டி மைனர்: அழகுதான், அவசரப்பட வேண்டாம்

× × 0 2 3 1. நான்கு கம்பி மட்டும். ஆள்காட்டி முதல் கம்பியின் முதல் ஃப்ரெட்டில், நடுவிரல் மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில், மோதிர விரல் இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில். மூன்று விரல், மூன்று கம்பி, மூன்று ஃப்ரெட். ஒரே ஃப்ரெட்டில் இரண்டு விரல் நெருக்கியடிக்கும் தொல்லை இதில் இல்லை என்பது உண்மை. பதிலுக்குக் கை விரிய வேண்டும். வழக்கமான அளவு அக்கூஸ்டிக் கிட்டாரில் முதல் ஃப்ரெட் 36 மில்லிமீட்டர் அகலம், இரண்டாவது 34, மூன்றாவது 32. கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டருக்குள் மூன்று விரலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்க வேண்டும். மோதிர விரல் எட்டாதவர்கள் சுண்டுவிரலை வைக்கலாம், தப்பில்லை.

இதில் அடிக்கடி நடக்கும் விபத்து: மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் மோதிர விரல் கொஞ்சம் படுத்தாலும் முதல் கம்பியில் உரசும். முதல் கம்பியில்தானே காந்தாரம் இருக்கிறது? அது போனால் எல்லாம் போச்சு. இன்னொரு விபத்து வலது கையில். ஐந்தாவது கம்பி தவறிப் பட்டால் பரவாயில்லை, அது ஏ, டி மைனரின் பஞ்சமம், அதாவது ப. ஆறாவது கம்பி பட்டால் வருவது இ. டி மைனரில் அதற்கு இடமே கிடையாது. அடியில் கலங்கிய சத்தம் ஒன்று வரும். ஸ்ட்ரம்மிங்கே இன்னும் பிடிபடாத கைக்கு "நான்கு கம்பி மட்டும் அடி" என்பது சின்ன வேலையில்லை. இடது கட்டைவிரலை மேலே கொண்டுவந்து ஆறாவது கம்பியை லேசாகத் தொட்டுச் சாகடிக்கலாம். அதெல்லாம் இரண்டாம் மாத வித்தை.

முதல் மைனராக டி மைனரைக் கொடுக்கும் வகுப்புகள் எதற்காகக் கொடுக்கின்றன என்று யூகிக்க முடிகிறது. டி மேஜர் தெரிந்தவர்களுக்கு முதல் கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு இழுத்தால் டி மைனர். மேஜர், மைனர் வித்தியாசத்தைக் காதுக்குக் காட்ட நல்ல வழிதான். காட்டுவதற்குச் சரி. குடியிருக்க முதல் வீடாக நான் சொல்ல மாட்டேன்.

ஏ மைனர்: நடு வீடு

× 0 2 2 1 0. ஆள்காட்டி இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டில். நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில், அதற்குக் கீழே மூன்றாவது கம்பியில் அதே ஃப்ரெட்டில் மோதிர விரல். ஐந்து கம்பி அடிக்க வேண்டும். ஆறாவது தவறிப் பட்டாலும் அது இ, ஏ மைனரின் பஞ்சமம்தான். குடி முழுகாது.

முதல் வாரம் சிரமம் உண்டு, மறைக்கவில்லை. பிடித்துவிட்டு ஐந்தாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டுங்கள், எந்த இடத்தில் "டப்" என்கிறதோ அங்கே பிரச்சினை. முதல் கம்பி செத்திருந்தால் ஆள்காட்டியின் சதை கீழே தொங்கி அதைத் தொடுகிறது, அல்லது உள்ளங்கையின் ஓரம் தொடுகிறது. கட்டைவிரலைக் கழுத்தின் நடு முதுகுக்கு இறக்கினால் மணிக்கட்டு முன்னால் வரும், விரல் தானாக நிமிரும். இரண்டாவது கம்பி செத்திருந்தால் விரல் ஃப்ரெட் கம்பிக்கு ரொம்பப் பின்னால் இருக்கிறது. முன்னால் நகர்த்துங்கள், ஃப்ரெட்டை ஒட்டி வைத்தால் பாதி பலம் போதும். மூன்றாவது கம்பி "ஜர்ர்" என்றால் நடுவிரல் இடத்தை அடைத்துக்கொண்டு மோதிர விரலைப் பின்னால் தள்ளியிருக்கிறது. நடுவிரல் கொஞ்சம் பின்வாங்கி, மோதிர விரல் ஃப்ரெட் பக்கம் சாய்வாக நிற்கட்டும். இந்த மூன்று திருத்தமும் ஏ மைனருக்கு மட்டும் உரியவை என்று நினைக்காதீர்கள். பின்னால் வரப்போகும் எல்லாக் கார்டுக்கும் இதே வைத்தியம்தான். இ மைனர் சொல்லித் தராதது இதைத்தான்.

இனி நான் ஓட்டுப் போட்ட காரணத்துக்கு வருகிறேன். ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு மூன்று விரலையும் அப்படியே ஒரு கம்பி மேலே ஏற்றுங்கள், தடித்த கம்பிப் பக்கமாக. அது இ மேஜர். அதில் ஆள்காட்டியை எடுத்துவிட்டால் இ மைனர். திரும்ப ஏ மைனருக்கு வந்து, மூன்று விரலையும் ஒரு கம்பி கீழே இறக்குங்கள், மோதிர விரலை மட்டும் கூடவே ஒரு ஃப்ரெட் தள்ளி வையுங்கள். அது டி மைனர். ஏறினால் இ மைனர், இறங்கினால் டி மைனர், நடுவில் நிற்பது ஏ மைனர். மற்ற இரண்டில் எதிலிருந்து கிளம்பினாலும் இன்னொன்றுக்கு இரண்டு படி தாண்ட வேண்டும்.

சி மேஜர் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் லாபம். சி மேஜரில் இருக்கும் ஆள்காட்டியும் நடுவிரலும் ஏ மைனரிலும் அதே இடம்தான். மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்குத் தாவ வேண்டும். அக்கா மகளுக்கு சி வரும் என்றாள் அல்லவா? அப்படியானால் ஏ மைனரில் மூன்றில் இரண்டு பங்கு அவளுக்கு ஏற்கனவே தெரியும், அவளுக்குத்தான் அது தெரியவில்லை. எல்லோரும் பயப்படும் எஃப் மேஜருக்கும் இங்கிருந்து ஒரு பக்கவாசல் உண்டு: ஆள்காட்டியை அசைக்காமல், நடுவிரலை மூன்றாவது கம்பிக்கு இறக்கி, மோதிர விரலை நான்காவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வைத்தால் எஃப் மேஜர் செவன். × × 3 2 1 0. பல பாட்டுகளில் எஃப் கேட்கும் இடத்தில் இதை வைத்துச் சமாளித்துவிடலாம்.

கைக்கு நடுவீடு என்றேன். காதுக்கும் அதுதான் நடுவீடு. ஏ மைனரில் ஏ, சி, இ. டி மைனரில் டி, எஃப், ஏ. இ மைனரில் இ, ஜி, பி. மூன்றையும் சேர்த்து வரிசைப்படுத்துங்கள்: ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. ஏ-யை ச என்று வைத்தால் இது சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். 20-வது மேளகர்த்தா, அதாவது தாய் ராகமான நடபைரவியின் ஏழு ஸ்வரமும் இந்த மூன்று மைனர் கார்டுக்குள் அடங்கிவிடுகிறது. இ மைனருக்குப் பதில் இ மேஜரைப் போட்டால் ஜி போய் ஜி ஷார்ப் வரும், அதாவது கைசிகி நிஷாதம் போய்க் காகலி நிஷாதம். அப்போது ஏழு ஸ்வரமும் 21-வது மேளமான கீரவாணி. ராகம் என்றால் ஸ்வர வரிசை மட்டும் இல்லை, கமகம் இல்லாமல் ராகம் எங்கே என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது, நடபைரவியிலோ கீரவாணியிலோ அமைந்த ஒரு சினிமா மெட்டுக்கு அடியில் ஏதாவது வாசிக்க வேண்டுமென்றால் உங்கள் கையில் இருக்கும் மூன்று கார்ட் நெடுந்தூரம் வரும் என்பதுதான். அந்த மூன்றில் ச-வாக நிற்பது ஏ மைனர், ம-வாக டி மைனர், ப-வாக இ.

உங்கள் கட்டை என்ன?

வாசிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். பாடிக்கொண்டே வாசிக்க ஆசை என்றால் குரலும் ஓட்டுப் போடும். பாடுபவர் ச-வாக வைத்துக்கொள்ளும் சுருதியைத்தான் கட்டை என்பார்கள். ஹார்மோனியக் கணக்கில் சி என்பது 1 கட்டை, டி 2 கட்டை, இ 3 கட்டை, ஜி 5 கட்டை, ஏ 6 கட்டை. ஆண் குரல்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுவார்கள், பெண் குரல்கள் நாலரையிலிருந்து ஆறு வரை. 3 கட்டை இரண்டு பேருக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது. அதனால் இ மைனரை வைத்துக்கொண்டு அதே சுருதியில் பாடினால் ஒன்று தொண்டை கிழியும், இல்லை முனகலாகப் போகும். டி மைனர் 2 கட்டைக்காரருக்குச் சொந்த வீடு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மற்றவர்களுக்கு கேப்போ இருக்கிறது. கழுத்தில் கவ்வும் அந்தச் சின்னக் கிளிப் ஒரு ஃப்ரெட்டுக்கு அரைக் கட்டை வீதம் ஏற்றும் என்று தோராயமாகச் சொல்லலாம் (3-க்கும் 4-க்கும் நடுவிலும், 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் மட்டும் ஒரு ஃப்ரெட்டே முழுக் கட்டை, அங்கே கறுப்புக் கட்டை கிடையாது). ஏ மைனரைப் பிடித்தபடி மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் சி மைனர், 1 கட்டை. நாலாவதில் போட்டால் ஒன்றரை. ஐந்தாவதில் போட்டால் 2. பெண் குரலுக்கு 6 கட்டை என்றால் கேப்போவே வேண்டாம். 5 கட்டைக்கு இ மைனரைப் பிடித்து மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ, ஐந்தரைக்கு நாலாவது ஃப்ரெட்டில். ஆக ஏ மைனர் வடிவமும் இ மைனர் வடிவமும் கையில் இருந்தால் ஏறக்குறைய எல்லாக் குரலுக்கும் வழி உண்டு.

விரலா, கிட்டாரா?

ஏ மைனரும் டி மைனரும் முதல் ஃப்ரெட்டைத் தொடுகின்றன, இ மைனர் தொடுவதில்லை. மலிவான கிட்டார்களில் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். கம்பிகள் வந்து உட்காரும் வெள்ளைக் கட்டை, நட், அதில் பள்ளம் சரியாக வெட்டப்படாவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எக்கி நிற்கும். அழுத்தினால் விரல் கிழிகிற மாதிரி இருக்கும். என் முதல் கிட்டார் அப்படித்தான். வாங்கிய கடையில் போய்க் கேட்டதற்கு, "பழகப் பழகச் சரியாயிடும் தம்பி" என்றார்கள். விரலில்தான் பலம் இல்லை என்று நானும் நம்பிக்கொண்டு திரிந்தேன். பிறகு கிட்டார் ரிப்பேர் தெரிந்த ஒருவர் ஊசி அரத்தால் நட்டின் பள்ளங்களைக் கால் மணி நேரம் தேய்த்துக் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஏ மைனர் வந்துவிட்டது.

நீங்களே சோதிக்கலாம். ஒரு கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் சரி. விசிட்டிங் கார்ட் இரண்டு மூன்று நுழைந்தால் நட் உயரம். உடனே சரிசெய்ய ஆள் கிடைக்காவிட்டால் முதல் ஃப்ரெட்டிலோ இரண்டாவதிலோ கேப்போ போட்டுக்கொண்டு ஏ மைனர் பழகுங்கள். கேப்போ நட்டின் வேலையைச் செய்துவிடும், கம்பி தாழ்ந்து வரும். பெட்டியோடு வந்த தடித்த கம்பிகளை மாற்றி 10 அல்லது 11 அளவுக் கம்பி போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

நாலாவதாக ஒருவர்

பி மைனரைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். டி மேஜர் சுருதிப் பாட்டு எதை எடுத்தாலும் வந்து நிற்கும். × 2 4 4 3 2, ஆள்காட்டியை இரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்து கம்பிக்கும் குறுக்கே படுக்கப் போட வேண்டிய பாரே கார்ட். முதல் மைனராக இதை எடுப்பது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது. அதுவரை இரண்டு வழி. ஒன்று, × 2 0 2 0 2 என்று மூன்று விரலில் பி மைனர் செவன். இன்னொன்று, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஏ மைனர். ஒலிப்பது பி மைனர்தான். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பி மைனர் பாரே வடிவமே ஏ மைனர்தான், நட் செய்யும் வேலையை அங்கே ஆள்காட்டி செய்கிறது, மற்ற மூன்று விரலும் ஏ மைனர் பிடிக்கின்றன. முதலில் ஏ மைனர் பழகியவர்களுக்குப் பின்னால் கிடைக்கும் வட்டி இது. இ மைனர்க்காரர்களுக்கும் அதே மாதிரி எஃப் ஷார்ப் மைனர் கிடைக்கும், 2 4 4 2 2 2. அதில் ஆறு கம்பியையும் ஆள்காட்டி படுத்து அழுத்த வேண்டும், அதில் மூன்றாவது கம்பியில்தான் காந்தாரம். அந்தக் கம்பிதான் ஆள்காட்டியின் மூட்டு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

என் ஓட்டு எல்லோருக்கும் பொருந்தாது

எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் என்றால் மெல்லிய மூன்று கம்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இ மைனருக்கு விரலே வேண்டாம். ஏ மைனருக்கு இரண்டு விரல் போதும்: மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட், இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட், முதல் கம்பி திறந்தது. அது முழுமையான ஏ மைனர்தான், எதுவும் குறையவில்லை. டி மைனருக்கு இங்கேயும் மூன்று விரல் கேட்கும். குழந்தை நாலு கம்பிச் சின்ன வாத்தியமான யுகுலேலேவோடு தொடங்குகிறது என்றால் ஏ மைனர் ஒற்றை விரல் வேலை.

விரல் மூட்டு வலி உள்ளவர்கள், ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் எடுத்தவர்கள், இ மைனரிலேயே ஒரு மாதம் இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எலக்ட்ரிக் கிட்டாரில் ராக் வாசிக்கத்தான் வந்தேன் என்பவர்களும் இ மைனர் பக்கம் போகலாம். அந்தத் தடித்த இ கம்பிதான் அங்கே முதலாளி. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் நட் 52 மில்லிமீட்டர் அகலம், சாதாரண அக்கூஸ்டிக்கில் 43. அகலக் கழுத்தில் ஏ மைனரின் நெரிசல் குறையும். சின்னக் கை உள்ளவர்களுக்கு டி மைனர் இன்னும் எட்டாமல் போகும்.

அக்கா மகளுக்குச் சொன்னது இதுதான். முதல் இரண்டு நாள் இ மைனர், சத்தத்தை ரசிக்க மட்டும். மூன்றாம் நாளிலிருந்து தினம் பத்து நிமிடம் சி-யும் ஏ மைனரும் மாற்றி மாற்றி, தாளம் தட்டும் மெட்ரோனோமை 60-ல் தொடங்கி, கார்டுக்கு நாலு தட்டு, மெல்ல வேகத்தை ஏற்றி. ஒரு நிமிடத்தில் முப்பது முறை மாற ஆரம்பித்ததும் மேலே ஏறி இ மைனர். அது தெளிந்ததும் கீழே இறங்கி டி மைனர். வகுப்பில் டி மைனர் கேட்டால் வகுப்புக்காக வாசித்துக்கொள், சண்டை போடாதே என்றும் சொன்னேன்.

நேற்று ராத்திரி வீடியோ காலில் வாசித்துக் காட்டினாள். ஏ மைனர் ஐந்து கம்பியும் மணி மாதிரி. இ மைனருக்கு ஏறினாள், சுத்தம். டி மைனருக்கு இறங்கியதும் முதல் கம்பி "டப்" என்றது. அவளே நிறுத்திவிட்டு மோதிர விரலை முறைத்துப் பார்த்தாள்.

"காந்தாரம் காணோம் மாமா."

"தேடு," என்றேன்.